ஹங்கேரியில் வாங்கிய ஒன்று

புதன்கிழமை மதியம் பத்தொன்பது பட்டச் சான்றிதழ்களையும் மேசையில் பரப்பி, ஒவ்வொரு பெயரையும் கடவுச்சீட்டு நகலோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தேன். கணினியில் இரண்டு முறை பார்த்தாயிற்று. இருந்தாலும் விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தால்தான் எனக்கு மனம் அடங்கும். வெள்ளிக்கிழமை விழா. எங்கள் கூட்டு முதுகலைப் படிப்பின் முதல் அணி வெளியேறுகிறது.

ஏரிகளைப் பற்றிய படிப்பு. முதல் பருவம் இங்கே பின்லாந்தில், இரண்டாவது ஹங்கேரியில், மூன்றாவது போர்ச்சுகலில். நான்காவதில் ஆய்வேட்டை எழுதிக்கொண்டு மறுபடி எங்கள் கரைக்கு வந்துவிடுவார்கள். இந்த இரண்டாண்டுப் படிப்பை உருவாக்க எங்களுக்கு ஆறு ஆண்டுகள் பிடித்தன. மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்தால் ஆளுக்கொரு சான்றிதழ் கொடுத்து அனுப்புவதுதான் எளிது. நாங்கள் ஒரே தாள்தான் என்று பிடிவாதம் பிடித்தோம். ஒரு நாட்டின் விதிப்படி அரசுச் சின்னம் உச்சியில் இருக்க வேண்டும். இன்னொன்றின் விதிப்படி அதன் முத்திரைக்கு மேலே வேறெந்த முத்திரையும் இருக்கக் கூடாது. மூன்று முத்திரைகளையும் ஒரே கோட்டில் நிறுத்த மட்டும் பதினான்கு மாதங்கள் ஆயின. நான் பேராசிரியை அல்ல, ஒருங்கிணைப்பாளர். அந்தத் தாளில் என் பெயர் எங்கும் கிடையாது. ஆனால் அதில் ஒரு முத்திரைக்கும் அடுத்த முத்திரைக்கும் நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன்.

பன்னிரண்டாவது தாளில் விரல் இருந்தபோது வாசலில் லிம்பானி நின்றான். மலாவிக்காரன். வகுப்பிலேயே உயரமானவன், நின்றால் கதவுச் சட்டத்தைப் பார்த்துத் தலையைக் குனிவான். எங்கள் ஊரில் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவோம். என்னை ராய்லி என்று கூப்பிடு என்று இரண்டு ஆண்டுகளாகச் சொல்லியும் அவனுக்கு அது வாயில் வரவில்லை.

"மேடம், ஒரு விஷயம் சொல்லணும்."

"உட்காரு."

அவன் உட்காரவில்லை. மதிப்பெண் பட்டியலின் நகலை நீட்டினான். ஹங்கேரியில் படித்த, ஏரியடிச் சேற்றடுக்குகளைப் பற்றிய பாடத்துக்கு எதிரே 'ஒன்று, தேர்ச்சி' என்று இருந்தது.

"இது என்னோடது இல்ல. நான் அதுல ஃபெயில்."

நான் பட்டியலைப் பார்த்தேன். பின்லாந்தில் ஐந்து உச்சம், ஒன்று கடைசித் தேர்ச்சி, பூஜ்யம்தான் தோல்வி. ஹங்கேரியிலும் ஐந்துதான் உச்சம். ஆனால் அங்கே இரண்டு வாங்கினால்தான் தேர்ச்சி. ஒன்று என்றால் தோல்வி. இது எனக்குத் தெரியும். தெரிந்தும், நான்கு ஆண்டுகளுக்கு முன் மதிப்பெண்களை மாற்றும் அட்டவணையைச் செய்தபோது, இருபதுக்கு மதிப்பெண் போடும் போர்ச்சுகலின் முறையைப் பற்றி மூன்று நாள் சண்டை போட்டுவிட்டு, கடைசி வரியில் 'பின்லாந்து, ஹங்கேரி: மாற்றம் தேவையில்லை' என்று எழுதியது நான்தான். அதைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை.

"எப்போ கவனிச்ச?"

"போன வருஷமே. மறுதேர்வுக்குக் கூப்பிடுவாங்கன்னு இருந்தேன். போர்ச்சுகல் போனதும் பாஸ்னு வந்துச்சு. யாரோ பாவம் பார்த்துட்டாங்கன்னு நினைச்சுப் பேசாம இருந்துட்டேன்." கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தான். "எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துல ஒண்ணுன்னா முதல் தரம். அம்மா போன்ல கேட்டாங்க, ஒண்ணுன்னு மட்டும் சொன்னேன். மாதாகோயில்ல எழுந்து நின்னு அறிவிச்சுட்டாங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கும் வந்தது. ஜூலை முதல் தேதி அவன் தன் நாட்டு மீன்வள ஆய்வு நிலையத்தில் சேர வேண்டும். அசல் சான்றிதழ் இல்லாமல் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். மறுதேர்வுக்கு முறைப்படி விண்ணப்பித்து எழுதினால் அக்டோபர் ஆகிவிடும். எல்லாம் தெரிந்துதான் வந்திருக்கிறான். வாயை மூடிக்கொண்டு இன்னும் இரண்டு நாள் இருந்திருந்தால் போதும்.

மூன்று மணிக்கு, விழாவுக்காகப் போர்ச்சுகலிலிருந்து வந்திருந்த அவுரேலியோவிடம் சொன்னேன். அங்கே இந்தப் படிப்புக்கு அவர்தான் பொறுப்பு. ஏலக்காய் பன்னைக் காப்பியில் தோய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்தினார்.

"மூணு துணைவேந்தரும் கையெழுத்துப் போட்டாச்சு. அம்மா தாயே, நீ இனிமே அதைத் தோண்டாதே."

"அவன் ஃபெயில், அவுரேலியோ."

"எங்ககிட்ட பதினேழு வாங்கினான். பதினாறு வாங்கினாலே எங்க ஊர்ல விருந்து வைப்பாங்க, தெரியும்ல? ஒரு பாடம். யாரு பார்க்கப் போறா?"

"அவன் பார்த்துட்டான்."

அவுரேலியோ பன்னை எடுத்தார். பாதி காப்பிக்குள் விழுந்திருந்தது. "சரி, இல்திகோகிட்ட நீயே சொல்லு. நான் அந்தப் பக்கமே வரமாட்டேன்."

இல்திகோ அந்தப் பாடத்தை நடத்தியவர். ஹங்கேரியின் சார்பில் அட்டவணைக் கூட்டத்துக்கு வந்தவரும் அவர்தான். விருந்தாளிகளுக்காக அன்று மாலை ஏரிக்கரையில் சௌனா என்னும் நீராவிக் குளியலறையைச் சூடாக்கியிருந்தோம். முதலில் பெண்கள் முறை. மேல் பலகையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். மூக்குக்கண்ணாடி இல்லாத இல்திகோவின் முகம் யாரோ தெரியாதவரின் முகம் போல இருந்தது. அடுப்பின் சூடான கற்களில் ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றிவிட்டுச் சொன்னேன்.

"லிம்பானியா? நல்லா ஞாபகம் இருக்கு," என்றார். "இருபது நிமிஷம் என் செருப்பையே பார்த்துட்டு நின்னான். வாய்மொழித் தேர்வுக்கே போனதில்லையாம். ஒண்ணு போட்டேன். மறுதேர்வுக்கு வருவான்னு பார்த்தேன், வரல. அதை எப்படி பாஸ்னு ஏத்தினீங்க?"

"அட்டவணைப்படி."

"எந்த முட்டாள் போட்ட அட்டவணை?"

"நான்தான். ஒவ்வொரு பக்கத்துலயும் கீழே உன் கையெழுத்து இருக்கு."

ஆவி இறங்கி, பலகை உலர்ந்து, மறுபடி கற்கள் வெடித்துச் சத்தமிடும்வரை இல்திகோ பேசவில்லை. எங்கள் நாட்டில் இப்படிப்பட்ட மௌனத்துக்கு யாரும் பயப்படுவதில்லை. ஆனால் அவர் எங்கள் நாட்டுக்காரர் இல்லை.

"அன்னைக்கு எனக்கு விமானத்துக்கு நேரமாயிடுச்சு," என்றார். சற்றுக் கழித்து, "அது ஒரு காரணமா," என்று அவரே சொல்லிக்கொண்டார். பிறகு கரண்டியை என் கையிலிருந்து வாங்கித் தண்ணீர் ஊற்றினார். "நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு இங்கேயே மறுதேர்வு. எங்க முறைப்படி. தலைப்பெல்லாம் மடிக்கணினில இருக்கு. சலுகை கிடையாது, ராய்லி. தோத்தா தோல்விதான்."

"அவனும் அதைத்தான் கேக்கறான்."

வியாழக்கிழமை காலை எட்டரைக்கு இல்திகோ என் அறையில் உட்கார்ந்து இருபது தலைப்புகளை அச்செடுத்து, சீட்டுகளாக வெட்டினார். அவர்கள் நாட்டில் அதுதான் வழக்கம். சீட்டுகளைக் கவிழ்த்து வைப்பார்கள், மாணவன் ஒன்றை எடுப்பான். இருபது நிமிடம் தனியே உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொள்ளலாம், பிறகு பேச வேண்டும். வெட்டிய சீட்டுகளில் ஒன்று மற்றவற்றைவிட அகலமாக இருந்தது. அதை அடையாளம் கண்டுகொள்ள முடியும் என்று, அதையும் கத்தரித்துச் சரிசெய்தார்.

நான் கண்ணாடிச் சுவருக்கு வெளியே நடைவழியில் நின்றேன். தேர்ச்சி பெற்றால் பட்டச் சான்றிதழில் எதையும் மாற்ற வேண்டியதில்லை, இணைப்பாக உள்ள மதிப்பெண் பட்டியலை மட்டும் மறுபடி அச்சிட்டுவிடலாம். இல்லையென்றால் நாளை பதினெட்டுப் பெயர்களைத்தான் வாசிக்க வேண்டும். அட்டவணையை நினைக்கும்போதெல்லாம் காது சூடாகியது. ஆனால் அந்தச் சூட்டுக்கு அடியில் வேறொன்றும் இருந்தது. எந்த ஒப்பந்தத்திலும் நாங்கள் எழுதிவைக்காத ஒன்றை ஒருவன் இந்தப் படிப்புக்குள் கொண்டுவந்திருக்கிறான். முதுகு தானாகவே நிமிர்ந்தது.

லிம்பானி சீட்டை எடுத்தான், படித்தான், ஜன்னலோர மேசைக்குப் போனான். ஐந்து நிமிடம் எதுவும் எழுதவில்லை. பத்து நிமிடமும் ஆயிற்று. வெளியே பிர்ச் மரங்களுக்கு அப்பால் தெரியும் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தான். இல்திகோ கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். அவுரேலியோ எப்போது வந்தார் என்று தெரியவில்லை, என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

பிறகு அவன் பேனாவைத் திறந்து குனிந்தான். ஒரு பக்கம் முடிந்து மறுபக்கம் திருப்பினான். அதுவும் நிறைந்ததும், பார்வையைத் தாளிலிருந்து எடுக்காமலே இடது கையை மட்டும் நீட்டினான். இல்திகோ ஒரு வெள்ளைத் தாளை அந்தக் கையில் வைத்தார். சற்று நேரத்தில் அந்தக் கை மறுபடி நீண்டது. இந்த முறை அவர் தாள்கட்டு முழுவதையும் அவன் முழங்கை அருகே வைத்தார்.