வெல்லம்தான் போட்டேன்

"சர்க்கரை ஒரு சிட்டிகை போட்டதில்லைங்க டாக்டர். வெல்லம்தான்."

"வெல்லம்னா எவ்ளோ?"

"ஒரு எலுமிச்சங்கா அளவு. அவரு கேட்டா இன்னொரு துண்டு."

"பழம்?"

"பூவன் மூணு. சின்னதா இருந்தா நாலு. சப்போட்டா கெடச்சா அது ரெண்டு. பேரீச்சம்பழம் ராத்திரியே ஊற வச்சிடுவேன். அப்புறம் பாலு. எல்லாம் வீட்டுல செஞ்சதுதாங்க, கடைப் பண்டம் ஒண்ணும் சேத்ததில்ல."

"தெனமுமா?"

"தெனமும்தான். ஒரு வருசமா."

பெருமையாகத்தான் ஆரம்பித்தாள் பாஞ்சாலி. டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்ததைப் பார்த்ததும் கடைசி வார்த்தையில் குரல் தானாக இறங்கியது. கட்டிலில் அவள் மாமனார் சுப்பராயலு படுத்திருந்தார். வலது காலின் சுண்டுவிரலும் அதற்கடுத்த விரலும் சுட்ட கத்தரிக்காய் மாதிரி கறுத்துக் கிடந்தன. செருப்புக் கடித்த புண். ரெண்டு மாதமாக ஆறவில்லை.

"மென்னு தின்னா ரெண்டாவது பழத்துலயே போதும்னு வாய் சொல்லிடும்மா. அரைச்சிக் குடிச்சா நாலு பழம் எறங்குனதே தெரியாது. நல்லா இருக்கறவங்களுக்குச் சரி. சக்கரை வியாதிக்காரருக்கு வெல்லம் இன்னா, சீனி இன்னா?" டாக்டர் கட்டில் பக்கம் திரும்பினார். "பெரியவரே, உங்களுக்கு இது இருக்குன்னு முன்னயே தெரியுமா?"

சுப்பராயலு மின்விசிறியைப் பார்த்தபடி கிடந்தார். "தெரியாதுங்க" என்றார்.

ரெண்டு விரலையும் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். கால்மாட்டில் நின்ற மாமியார் லட்சுமியம்மாள், யாரையும் பார்க்காமல் சுவரிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "நான் கூழு ஊத்துன வரைக்கும் இந்தக் காலுக்கு ஒண்ணும் வர்ல."

அந்த மிக்சி பாஞ்சாலியோடு திண்டிவனத்திலிருந்து சீராக வந்தது. விழுப்புரத்தில் அந்தத் தெருவுக்கே அதுதான் முதல் மிக்சி. காலையில் அது போடும் இரைச்சலில் எதிர்வீட்டுக் குழந்தைகள் எழுந்துகொள்ளும். சட்னி அரைக்க மாமியார் விடவில்லை. அம்மியில் அரைக்கிற ருசி வராதாம். மாவுக்கும் விடவில்லை. அரிசி எந்தப் பானையில் இருக்கிறது என்பதைக்கூட அவளே தேடித்தான் தெரிந்துகொண்டாள். பகலெல்லாம் கல்யாணத்துக்கு வந்த விருந்தாளி போகாமல் தங்கிவிட்ட மாதிரி அந்த வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தவளுக்கு, ஒரு நாள் வாரப் பத்திரிகையில் அந்தக் குறிப்பு கண்ணில் பட்டது. காலையில் இட்லி தோசைக்குப் பதில் பழமும் பாலும் அடித்துக் குடித்தால் ரத்தம் ஊறும், நரம்பு முறுக்கேறும் என்று போட்டிருந்தது. செய்து ஒரு டம்ளர் மாமனாருக்குக் கொடுத்தாள்.

முப்பத்திரண்டு வருஷம் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் வேலை பார்த்துவிட்டு, அத்தனை வருஷமும் விடிந்ததும் கேப்பைக் கூழும் மோர் மிளகாயுமாகக் குடித்துப் பழகிய மனுஷர். ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மீசையில் நுரை ஒட்டியிருந்தது. "இன்னாம்மா இது, அமிர்தம்!" என்றார். மறுநாள் குறிப்பைக் கத்தரித்துச் சுவரில் காலண்டருக்குப் பக்கத்தில் அவரே ஒட்டினார். சந்தைக்குப் போய்ப் பழம் பொறுக்கி வந்தார். கரண்ட் இல்லாத நாளில் மிக்சிக்கு முன்னால் உட்கார்ந்து, "ஜல்தியா உடுங்கடா பாவிங்களா" என்று மின்வாரியத்தைத் திட்டினார். சீர் டம்ளர்களில் பாஞ்சாலியின் பேரைப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தார்கள். அதில் ஊற்றினால்தான் குடிப்பார். அந்த வீட்டில் அவள் கை பட்டது ஒன்று வேண்டும் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். கூழ்ச் சட்டி கழுவிக் கவிழ்த்தபடியே கிடந்தது. லட்சுமியம்மாள் அதைத் தாண்டும்போதெல்லாம் காலால் லேசாகத் தள்ளி வைப்பாள்.

விரல்களை எடுத்த ஒன்பதாம் நாள் மிக்சி அதன் அட்டைப் பெட்டிக்குள் போயிற்று. "அம்மாவுக்கு உன்னப் பாத்தாலே ஆத்திரம் வருது. கொஞ்ச நாளு உங்க வீட்டுல இரு" என்றான் சீனுவாசன், அவள் கணவன். எத்தனை நாள் என்று அவள் கேட்டாள். பஸ்ஸில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு விக்கிரவாண்டி வரைக்கும் அவன் ஜன்னலுக்கு வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தான். திண்டிவனத்தில் அவர்கள் தெருவுக்குள் அந்தப் பேச்சு ஏற்கெனவே வந்து சேர்ந்திருந்தது. தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி சிரித்துக்கொண்டே கேட்டாள்: "மாமனார் காலையே அரைச்சிக் குடுத்துட்டியாமே?"

ஒரு மாதம் போனது. கடிதம் ஒன்றும் வரவில்லை. அம்மாவுக்கு இருமல் என்று பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டாக்டரிடம் கூட்டிப் போனாள். அங்கே கம்பவுண்டர் அப்பாதுரை, மருந்துப் பாட்டிலில் அளவுக் காகிதம் ஒட்டிக்கொண்டே விசாரித்தார்.

"விழுப்புரத்துல குடுத்த பொண்ணுதானே நீ? மாமனாரு நல்லா இருக்காரா? கூட்ஸ் ஆபீசு பெரியவரு."

"அவர உங்களுக்கு எப்டித் தெரியும்?"

"கலியாணத் தேதி குறிக்க வந்தன்னிக்கு பஸ் ஸ்டாண்டுல மயக்கமா உக்காந்துட்டாரும்மா. நாந்தான் கூட்டியாந்தேன். இங்கதான் ஒண்ணுக்கு டெஸ்ட் பண்ணுச்சி. நீல மருந்து செங்கல் கலராப் பூடுச்சி, அவ்ளோ சக்கரை. வாழப்பழம் கூடாது, வெல்லம் கூடாது, கேப்பைக் கூழே அளவாத்தான்னு டாக்டரு தல தலையா அடிச்சிக்கினாரு. அவரு எங் கையப் புடிச்சிக்கினு, பொண்ணு வூட்டுக்குத் தெரிஞ்சா சம்பந்தம் கலைஞ்சிடும், வெளிய சொல்லாதன்னாரு. கலியாணம் ஆயி வருசமாச்சே, இப்ப இன்னான்னுதான் கேட்டேன்."

அம்மா இருமிக்கொண்டிருந்தாள். பாஞ்சாலி அவளை வீட்டில் விட்டுவிட்டு, கட்டியிருந்த புடவையோடு அடுத்த பஸ் ஏறினாள்.

வீட்டில் சுப்பராயலு தனியாக இருந்தார். லட்சுமியம்மாள் மகனையும் கூட்டிக்கொண்டு திருவாமாத்தூர் கோயிலுக்குப் போயிருந்தாள், பிரார்த்தனை. கூடத்துப் பெஞ்சில் கட்டுப்போட்ட காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் கையில் டம்ளர் இருந்தது. உள்ளே கூழ். காலண்டர் பக்கத்துக் குறிப்பைக் கிழித்திருந்தார்கள். பசை ஒட்டிய நாலு மூலை மட்டும் சுவரில் மிச்சம் இருந்தது.

"வாம்மா" என்றார். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்தார்.

"அப்பாதுரையப் பாத்தேன் மாமா."

அவர் டம்ளரில் கூழைச் சுற்றிச் சுற்றி ஆட்டினார்.

"மொத நாளே சொல்லணும்னுதான் இருந்தேன். சொன்னா நீ நிறுத்திடுவ. எழுந்ததும் எனக்கு இன்னா வேணும்னு யாரும் கேட்டதில்லம்மா. ஊத்துனதக் குடிச்சேன், அவ்ளோதான். நீ ஒருத்தி டம்ளர நீட்டிக்கினு, இனிப்புப் போதுமா மாமான்னு கேட்டுக்கினு நிப்ப. நாளைக்கு நாளைக்குன்னு..."

"ஆஸ்பத்திரில டாக்டர் கேட்டாரே மாமா. பக்கத்துலயேதானே நின்னேன்?"

"உங்க அத்த முன்னால எப்டிம்மா சொல்றது? சம்பந்தத்துக்குப் பொய் சொன்னவன்னு ஆயிடாதா? காலும் போயி மருவாதியும்..."

"என் வாழ்க்கை போவுது மாமா."

அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவளுக்கு அவர்மேல் பாய்ந்து கத்த வேண்டும்போல இருந்தது. கூடவே, பழக்க தோஷத்தில், டம்ளரில் எவ்வளவு மீதி இருக்கிறது என்றும் கண் பார்த்தது. அதை உணர்ந்ததும் அவளுக்குத் தன்மேலேயே கசந்துகொண்டு வந்தது.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. "யாரு செருப்பு வாசல்ல? அவ எதுக்குடா வந்தா இங்க?" என்று லட்சுமியம்மாளின் குரல் படியேறியது.

பாஞ்சாலி பெஞ்சு ஓரமாகக் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"மாமா, வர்றாங்க. கால்ல விழறேன். தெரிஞ்சிதான் குடிச்சேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க."

சுப்பராயலு டம்ளரை ரெண்டு கையாலும் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனார். புள்ளி புள்ளியாக வெட்டிய அவள் பேரின் பாதியை அவர் கட்டைவிரல் மறைத்திருந்தது.