திவாகரன் போகாத போட்டி

லூனாஸ் பேஸ்பால் குழு மலேசிய லீக்கை வென்றதே திவாகரனின் பந்துவீச்சால்தான். அடுத்ததாகத் தைவானில், பல நாட்டு லீக் சாம்பியன்கள் மோதும் போட்டி. அவனும் புதுப் பை வாங்கி வைத்திருந்தான்.

ஆனால் அவனிடம் இருந்தது குடிமக்களின் நீல அடையாள அட்டை அல்ல, மற்றவர்களுக்குத் தரும் சிவப்பு ஐசி. மலேசியாவிலேயே, புக்கிட் செலம்பாவில் பிறந்தவன்தான். அப்பா குடிமகன்தான்; ஆனால் அம்மாவுக்குக் குடியுரிமை இல்லை, பெற்றோர் கல்யாணத்தையும் பதியவில்லை. அதனால் அவனுக்கும் குடியுரிமை இல்லை, பாஸ்போர்ட் கிடைக்கவில்லை.

பினாங்கு விமான நிலையம்வரை போய், எல்லோருடைய பைகளையும் இறக்கிக் கொடுத்தான்.

"அடுத்த வருசம் சேர்ந்து போவோம்லா, மச்சான்," என்று கட்டிக்கொண்டான், அவன் வீசும் பந்துகளைப் பிடிக்கும் கேட்சர் கெல்வின்.

முதல் ஆட்டத்தை உமாராணி அக்காவின் சாப்பாட்டுக் கடை டிவியில் ஊரே பார்த்தது. திவாகரனுக்குப் பதிலாகப் பந்து வீசிய புவனேசனைக் கொரியக் குழு அடித்து நொறுக்கியது. தாழ்வாக வீசினால் அவர்கள் திணறுவார்கள் என்பது திவாகரனுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அவன் விரல்கள் மேசைக்கடியில் பந்தைப் பிடிப்பதுபோல் தாமாக மடங்கின.

"நம்ப திவா மட்டும் இருந்திருந்தா..." என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

"சும்மா இருங்கலா!" என்று அதட்டினாள் அக்கா.

தோற்ற பிறகு கெல்வின் கூப்பிட்டான். "புவனேசன் அழுதுகிட்டே இருக்கான். நீ பேசு மச்சான்."

திவாகரன் போனைப் புவனேசனிடம் கொடுக்கச் சொன்னான். "தம்பி, அழாதடா. நான் போட்டிருந்தாலும் இதே அடிதான் விழுந்திருக்கும்."

"நெசமாவா அண்ணே?"

"நெசமாதான்."

போனை வைத்துவிட்டுக் கடையின் பின்பக்கம் போனான். பாத்திரம் கழுவும் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் வாய்விட்டு அழுதான்.