ஆறு மணி இரும்புத்தூள்

ஆரம்பாக்கம் ரயிலடிக் கடையில் ஜோதிலட்சுமி வாங்கி வைத்த பழைய கம்ப்யூட்டரின் அடியில் தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு கரண்டி இரும்புத்தூள் கொட்டியது. கரண்ட் இருந்தாலும் கொட்டியது, இல்லாவிட்டாலும் கொட்டியது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லை. அன்றைக்கு மில்லுக்கு வார விடுமுறை.

மில் என்றால் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி செய்கிற மில். இரண்டாயிரத்துப் பதினெட்டு கார்த்திகையில், மழை விடாமல் அடித்த ஒரு செவ்வாய்க்கிழமை, அவள் புருஷன் மோகன்ராஜ் அங்கே ஆறு மணி ஷிப்ட்டுக்குப் போனான், திரும்பவில்லை. உலைக்குள் பழைய இரும்பைத் தள்ளுகிற வேலை அவனுக்கு. கூட நின்ற இரண்டு ஒரிசாக்காரர்கள் அன்றைக்கே ரயிலேறிவிட்டார்கள். மோகன்ராஜ் அன்று வேலைக்கே வரவில்லை, வருகைப் பதிவில் பெயர் இல்லை என்று மில் கையை விரித்தது. ஆந்திரா எல்லை தாண்டித் தடாவுக்கு எவளோடோ போய்விட்டான் என்று ஊர் கதை கட்டியது. வாய் கூசவில்லை பாருங்கள். ஜோதிலட்சுமிக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் அன்றைக்கு உள்ளே இருந்தான் என்று யாராவது ஒரு காகிதத்தில் எழுதித் தரவேண்டும். அது வராததால் அவள் சுமங்கலியும் இல்லை, தாலி அறுத்தவளும் இல்லை. கல்யாண வீடுகளில் குங்குமச் சிமிழ் அவள் எதிரே வந்ததும் பெண்களின் கை நடுவில் நின்றுவிடும். அதற்குப் பயந்தே அவள் விசேஷங்களுக்குப் போவதை விட்டாள்.

வயிறு என்று ஒன்று இருக்கிறதே. டைப்பிங் தெரிந்தவள் என்பதால், இரண்டு வருடம் கழித்து ரேஷன் கார்டு திருத்தம், பட்டா மனு, கரண்ட் பில் என்று ஒரு கடை போட்டாள். கும்மிடிப்பூண்டி பஜாரில் பழைய கம்ப்யூட்டர் விற்கும் இஜாஸ், ஏதோ ஏலத்தில் வந்த ஒன்றைக் கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தான். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பம். பேச்சில் சுத்தம், பொருளில் அவ்வளவு இல்லை. ஆன் ஆவதற்கே நாற்பது நிமிடம் பிடித்தது. மறுநாளே தூள் கொட்ட ஆரம்பித்தது. அது ஏதோ தொழிற்சாலை அழுக்கு என்று நினைத்தாள். அந்தப் பக்கத்தில் இரும்பை யாரும் குப்பையில் போடமாட்டார்கள். டப்பாவில் சேர்த்து, இரண்டரை மாதத்தில் மூன்று கிலோ ஆனதும், மூன்று சக்கர வண்டியில் வரும் பழைய இரும்பு முனுசாமிக்குப் போட்டுவிட்டாள். அதற்கடுத்த வாரம் தூளோடு ஒரு சட்டைப் பொத்தான் விழுந்தது. நீலப் பொத்தான், அதில் சிவப்பு நூல். வீட்டில் நீல நூல் தீர்ந்துபோய், அந்தக் கார்த்திகையில் அவளே தைத்தது. நூல் கருகக்கூட இல்லை.

செருப்பு போடாமல் ஓடினாள். முனுசாமி வண்டியில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான்.

“அத்த அன்னிக்கே மில்லுல போட்டனேம்மா. இந்நேரம் உருக்கிக் கம்பியா ஊத்தியிருப்பாங்க. இன்னாத்துக்கு இப்டி ஓடியாற?”

அவள் நடுரோட்டில் உட்கார்ந்து, தன் தலையில் தானே அடித்துக்கொண்டு அழுதாள். தன் கையாலேயே அவனை இரண்டாம் முறை உலைக்கு அனுப்பியிருந்தாள். இஜாஸ் வந்து கம்ப்யூட்டர் டப்பாவைத் திருப்பிப் பார்த்தபோது பின்னால் ‘டைம் ஆபீஸ் 2’ என்று மில்லின் ஸ்டிக்கர் இருந்தது. வருகைப் பதிவு போடுகிற அறையில் இருந்த கம்ப்யூட்டர். ஹார்ட் டிஸ்க்கைத் துருவித் துருவித் தேடினான். துடைத்து வைத்த மாதிரி காலி.

தூளைச் சாக்கில் கட்டத் தொடங்கினாள். நாற்பது நிமிடம் யார் காத்திருப்பார்கள்? வாடிக்கை எதிர்க்கடைக்குப் போனது. டிஸ்க்கை மாற்றினால்தான் கடை நிற்கும், மாற்றினால் அவன் வருவது நின்றுபோகுமோ என்று மூன்று மாதம் அவள் தூங்கவில்லை. கடைசியில் இஜாஸ் புது எஸ்.எஸ்.டி. போட்டான். மறுநாள் ஆறு மணிக்கு வழக்கம்போல ஒரு கரண்டி. அடுத்த வருடம் ரேம், அதற்கடுத்து மதர்போர்டு, பவர் சப்ளை, பிறகு வெளி டப்பாவும் மாறியது. பழசில் ஒரு திருகாணிகூட மிஞ்சவில்லை, தூள் மட்டும் நிற்கவில்லை.

“டப்பா மாறினா இன்னாக்கா?” என்றான் இஜாஸ். “அவருக்கு இப்ப ஊட்டு வழி தெரிஞ்சிபோச்சி.”

இரண்டாயிரத்து இருபத்துநான்கு ஆடியில் ஒரு திங்கட்கிழமை தூள் விழவில்லை. மறுநாளும் இல்லை. ஜோதிலட்சுமி கிராம நிர்வாக அலுவலர் துளசிராமனைக் கூப்பிட்டாள். நல்ல மனுஷன், தராசோடு வந்தார். மில்லே நடத்திய மருத்துவ முகாமின் அட்டையில் மோகன்ராஜின் எடை ஐம்பத்தெட்டு கிலோ என்று இருந்தது. அவர் வரவழைத்த மில் ஆள் முன்னால் சாக்குகளை எடை போட்டார்கள். ஐம்பத்தைந்து. “மூணு கிலோ கொறையுது. இவருதான்னு நாங்க எப்டி ஒத்துக்கிறது?” என்று சொல்லிவிட்டு அந்த ஆள் காரில் ஏறினான். அந்த மூன்று கிலோவை விற்றது யார் என்று அவளுக்குத் தெரியும்.

“காணாம போனா ஏழு வருஷம்மா, அப்பறம் கோர்ட்டு” என்ற துளசிராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு தராசை எடுத்துப் போனார். சொந்தக்காரர்கள் கொள்ளி வைக்கக் கேட்டார்கள். “ஒரு தபா எரிஞ்சது போதாதா?” என்றாள். பொத்தானையும் சேர்த்துப் புதைத்தார்கள். தாலியை அவள் கழற்றவில்லை. மூன்று கிலோ இன்னும் வெளியே இருக்கிறது என்றாள்.

அதுவும் கிடைத்தது. ஆரம்பாக்கம் பஸ் நிழற்குடை, தூள் விற்ற அதே வருடம், மில் தானமாகக் கொடுத்த கம்பியில் கட்டியது. ‘அன்பளிப்பு’ என்று கொட்டை எழுத்தில் மில்லின் பெயர் இருக்கும். அதில் மூன்றாவது தூண் விடியற்காலையில் மனுஷ உடம்பு மாதிரி சூடாக இருக்கும் என்பது ஷிப்ட்டுக்குப் போகிறவர்களுக்கு நாலு வருடமாகத் தெரியும். பேச்சுவாக்கில் ஒருத்தி சொல்ல, ஜோதிலட்சுமி போய்க் கை வைத்தாள். நெடுநேரம் கையை எடுக்கவில்லை. அன்றைக்குத்தான் தாலியைக் கழற்றினாள்.

கோர்ட்டு காகிதம் போன மாதம் வந்தது. இறந்த இடம் என்ற கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று இருக்கிறது. தினமும் ஐந்தரைக்கு, அவன் பஸ் ஏறுகிற நேரத்துக்கு அவள் நிழற்குடைக்கு வருகிறாள். மூன்றாவது தூணை அவளுக்கு விட்டு மற்றவர்கள் தள்ளி நிற்கிறார்கள். பிறகு அவள் கடையைத் திறக்கிறாள், கம்ப்யூட்டர் இருபது விநாடியில் ஆன் ஆகிறது. பனிக்காலமென்றால், அவள் போனதும் ஷிப்ட் ஆட்கள் அந்தத் தூணில் முதுகைச் சாய்த்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள்.