ஸபோரினின் கீழ்ச்சுரம்

அக்னியாவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று அந்த வோல்கா கரை ஊரில் ஒரு பேச்சு உண்டு. கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவள் அவள். சுருதி விலகினால் பாதிரியாரையே முறைப்பாள். அப்பேர்ப்பட்டவள் அன்று ஒத்திகை முடிந்து செல்போன் சிணுங்கியபோது எடுக்கக் கை வராமல் நின்றாள்.

ஒருவழியாக எடுத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து மகள் ஸ்டேஷா பேசினாள். "அம்மா, அப்பாவுக்கு மறுபடியும் மூச்சு நின்னு நின்னு வருது. போன ஒத்திகையப்ப மாதிரியேதான். நீங்க பாடிக்கிட்டிருந்த நேரம் பாத்து."

"உளறாதடி. டாக்டர் என்ன சொல்றாரு?"

"அவருக்கும் ஒண்ணும் புரியல. அப்பா வாய் லேசா திறந்திருக்கும்மா. பாடுற மாதிரி."

அக்னியா போனை அணைத்துப் பையில் போட்டாள். புருஷன் கூரி நுரையீரலில் சளி கட்டி, நினைவு தப்பிக் கிடக்கிறான். அந்த வட்டாரத்திலேயே அவனைப்போல ஆழம் தொடுகிற குரல் கிடையாது. பாடகர் மாடத்தில் நஸாருக்கும் எஃபீமுக்கும் நடுவே அவன் நிற்கிற இடம் காலியாக இருந்தது. படுத்திருக்கிறவன் எழுந்து வரும்வரை அந்த இடத்தில் இன்னொருத்தன் நிற்கக் கூடாது, அதுதான் வழக்கம்.

"ஏம்ப்பா," என்று அவர்களைக் கூப்பிட்டாள். "ரெண்டு பேரா அந்தக் கீழ்ச்சுரத்தை எப்படிப் புடிச்சீங்க? ஒரு எடத்துலகூட அறுபடலையே!"

பஸ் ஓட்டுகிற நஸார் தொப்பியைக் கையில் வைத்துக் கசக்கினான். "நான் நடுவுல இருமிட்டேன் அக்னியா லுவோவ்னா. எஃபீம் பாத்துக்கிட்டான்னு நெனச்சேன்."

"நானா?" என்றான் ரொட்டிக்கடை எஃபீம். "நீ இருமுனப்ப நான் வாய மூடி எச்சி முழுங்கிக்கிட்டு இருந்தேன்டா தடியா."

மூன்று பேரும் காலி இடத்தைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு அவசர அவசரமாகக் கோட்டை மாட்டிக்கொண்டார்கள்.

ஒத்திகையில் அவர்கள் பாடிய அந்தப் பாட்டு அப்படிப்பட்டது. இந்த ஊர்க் கோயிலில்தான் வர்லாம் ஸபோரின் என்று ஒருவர் பாடகர்களை நடத்திக்கொண்டிருந்தார். தாமே அடிக்குரல்காரர். பூசை நடுவில் பாடுகிற வானதூதர் பாட்டு, கேருபீன் கீதம், ஒன்று எழுதினார். புரட்சி அரசாங்கம் கோயில்களை மூடிய காலம். ஒத்திகையில் அவரும் ஆட்களோடு நின்று பாடிக்கொண்டிருந்தபோதே துப்பாக்கிக்காரர்கள் வந்து இழுத்துப்போனார்கள். அதோடு சரி. புதைத்த இடமும் தெரியாது. கோயில் உருளைக்கிழங்குக் கிடங்கானது, அவர் பேரும் மறந்துபோனது. மணிக்கூண்டில் கரியோடு கரியாய்க் கிடந்த அந்தப் பாட்டுத் தாள்களை எடுத்துத் துடைத்தவன் கூரி.

என்ன பாட்டு அது! கீழே ஒரே ஒரு சுரம், தொடக்கம் முதல் கடைசி வரைக்கும் அசையாமல். அதன்மேல் பெண்குரல்கள் உறைந்த ஆற்றின்மேல் பனி நகர்கிறாற்போல மெல்ல மெல்ல நகரும். கேட்கிறவனுக்கு அழுகை வரும், ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஆனால் கீழ்ச்சுரம் அறுபடவே கூடாது. அதற்காக அடிக்குரல்காரர்கள் மாற்றி மாற்றி மூச்சு எடுப்பார்கள். முழங்கையால் பக்கத்து ஆளை இடித்தால் 'நான் மூச்செடுக்கப் போறேன், நீ பிடி' என்று அர்த்தம். அந்த ஆள் பிடித்த பிறகுதான் இவன் விடுவான். பிடிக்க ஆள் இல்லாவிட்டால் உயிரே போனாலும் விடுகிற ஜாதி இல்லை கூரி.

"நான் வந்தாலும் வராட்டியும் மாதாவோட முக்காட்டுத் திருநாளுக்கு இதைப் பாடிடணும்" என்று ஆம்புலன்ஸில் ஏறும்போதுகூட அவளிடம் சொன்னான்.

இங்கே அதைப் பாடினால் அங்கே மூச்சு நின்று மனுஷன் போய்விடுவான். அக்னியாவுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அவனுக்குக் கொடுத்த வாக்கு பெரிதா, அவன் பெரிதா? கிடக்கட்டும் வாக்கு. "திருநாளுக்கு ஸபோரின் வேண்டாம். வழக்கமா பாடுறதே போதும்" என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டாள்.

திருநாள் காலை முதல் பனி விழுந்தது. கீழே சனங்கள் மெழுகுவத்தியும் கையுமாக நெருக்கியடித்து நின்றார்கள். கேருபீன் கீதத்துக்கு நேரம் வந்தது. அக்னியா வழக்கமான பாட்டுக்குச் சுருதி கொடுத்துக் கை அசைத்தாள். பெண்கள் இரண்டு சொல் பாடியிருக்க மாட்டார்கள்.

காலி இடத்திலிருந்து ஸபோரினின் கீழ்ச்சுரம் எழுந்தது.

காலடிப் பலகை அதிர்ந்தது. பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். நஸார் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான். எஃபீமின் முகம் அவன் கடை மாவுபோல வெளுத்துவிட்டது. கூரியின் குரல்தான், சந்தேகமே இல்லை. முப்பது வருஷமாகக் கேட்ட குரல் அவளுக்குத் தெரியாதா? கோட்டுப் பையில் போன் துடித்துத் துடித்து ஓய்ந்தது.

சுரம் நீண்டுகொண்டே போனது. அது மூச்சே எடுக்கவில்லை.

அட, நாசமாய்ப் போனவளே, என்று தன்னையே திட்டிக்கொண்டாள் அக்னியா. ஒத்திகையில் அவன் நின்று நின்றாவது மூச்சு வாங்கினானே, பக்கத்தில் இரண்டு பேர் பிடித்ததால்தானே! இன்றைக்கு அவனைத் தனியாக விட்டது யார்? அவள்தான்.

"ஸபோரின்!" என்று அடித்தொண்டையில் சீறினாள். "புடிங்கடா! அவரு மூச்சு விடட்டும், புடிங்க!"

நஸார் பிடித்தான். எஃபீம் பிடித்தான். பெண்குரல்கள் நடுங்கி நடுங்கி மேலே ஏறின. அக்னியா காலி இடத்துக்கு நேராகத் திரும்பி, உள்ளங்கையை மேலே தூக்கிக் காட்டினாள். மூச்செடு, கூரி. கடவுளே, எடுக்கச் சொல்லேன்.

அந்த வெற்றிடத்தில் யாரோ ஆழமாக மூச்சை இழுக்கிற சத்தம் எல்லோர் காதிலும் விழுந்தது. பயந்துபோய் நஸாரும் எஃபீமும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் திரும்பினார்கள். இரண்டு பேரும் நிறுத்திவிட்டார்கள்.

சுரம் அறுபடவில்லை.

இது கூரி இல்லை. இன்னும் கரகரப்பான, குளிர் ஏறிய, வயசான குரல். அந்தக் குரல் பாட்டைத் தாங்கிக்கொண்டது, குழு அதன்மேல் ஏறிக் கடைசிவரை போனது. அவ்வளவு அழகாக அவர்கள் அதற்கு முன்னும் பாடியதில்லை, பின்னும் பாடியதில்லை. கீழே சனங்களில் ஒருத்தர்கூட இருமவில்லை. கடைசிச் சொல்லில் அக்னியா விரல்களை மடக்கினாள். எல்லா வாயும் மூடியது. போன் திரும்பவும் துடித்தது. பூசை நடுவில் போனை எடுப்பவர்களை மாடத்திலிருந்து விரட்டியவள் அவள். இன்றைக்கு எடுத்தாள்.

"அம்மா!" ஸ்டேஷா அழுதுகொண்டே சிரித்தாள். "அவ்வளவுதான்னு நெனச்சோம்மா. மூச்சு ஒரேயடியா நின்னு போச்சு. அப்புறம் திடீர்னு இழுத்து விட்டாரு. கண்ணத் திறந்துட்டாரு! இப்ப நல்லா வருது, சீரா வருது. ஆனா என்னென்னமோ கேக்குறாரும்மா."

"என்ன கேக்குறாரு?"

"பக்கத்துல யாரோ பெரியவரு நின்னாராம். 'நீ வீட்டுக்குப் போப்பா, நான் புடிச்சுக்கறேன்'னாராம். அவரைச் சுரத்த விடச் சொல்லியாச்சான்னு உன்கிட்ட கேக்கச் சொல்றாரு."

அக்னியா காதிலிருந்து போனை இறக்கினாள். அப்போதுதான் கவனித்தாள். எல்லா வாயும் மூடித்தான் இருந்தது. பலகை மட்டும் இன்னும் அதிர்ந்துகொண்டிருந்தது. மிக மெல்லிசாக, வெகு கீழே, அந்த ஒற்றைச் சுரம் போய்க்கொண்டே இருந்தது. பாட்டின் நடுவில் இழுத்துப்போனவரை நிறுத்தச் சொல்லி இத்தனை காலமாக யாரும் கை காட்டவே இல்லை.

அவளுக்குத் தாரை தாரையாகக் கண்ணீர் கொட்டியது. துடைக்கவில்லை. காலி இடத்தை நோக்கி நின்று வலது கையை உயர்த்தினாள்.

"போதும் வர்லாம் ஐயா," என்றாள். "பாட்டு முடிஞ்சுது. நல்லா முடிஞ்சுது. விட்டுடுங்க."

விரல்களை மெதுவாக மடக்கினாள். சுரம் நின்றது.