சிவப்புக் குளிசையும் சின்னக் குளிசையும்

மனைவியின் குளிசைகளையெல்லாம் அட்டைகளிலிருந்து பிதுக்கி, ஒரே ஜாம் போத்தலில் கொட்டி மூடியபோது, சீவரத்தினத்துக்குத் தன் மூளையை நினைக்கவே பெருமையாக இருந்தது. அப்படிப் பெருமை வந்த வேலை எதுவும் அவருக்கு நல்லபடி முடிந்ததில்லை. அதையும் அவர் அப்போதே நினைத்திருக்கலாம்.

மனைவி றஞ்சிதத்துக்குக் கசம், காசநோய். மன்னாரில் மாதாமாதம் தருகிற சிவப்புக் குளிசைகளை அவர்தான் சைக்கிளில் போய் எடுத்து, ஆமி மறித்துச் சோதிக்கிற சென்றி தாண்டி ஊருக்கு, பெரியமடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அட்டை அட்டையாக மருந்து கொண்டுபோகிறவனை "யாருக்கு, இயக்கத்துக்கோ?" என்று கேட்காத சென்றி சண்டை நடந்த அந்த நாட்களில் இல்லை. அந்த முறை இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஊர் மருத்துவிச்சி அந்தோனியம்மாவிடம் குடும்பக்கட்டுப்பாட்டுக் குளிசை முடிந்துபோய், அவர் எழுதிக் கொடுத்த துண்டைக் காட்டி மூன்று மாதத்துக்கு அந்தச் சின்னக் குளிசையையும் சீவரத்தினம் மன்னாரிலேயே வாங்கியிருந்தார். சென்றியில் அட்டை கண்ணில் படாதிருக்க எல்லாம் போத்தலுக்குள் போயின. சிவப்பு பெரிது, மற்றது சின்னது, இதில் என்ன குழப்பம் என்பது அவருடைய ஞானம்.

சென்றியில் நின்ற ஆமிக்காரன் போத்தலைக் குலுக்கிக்கூடப் பார்க்கவில்லை. ரேடியோவுக்கு வாங்கிய பற்றரி இரண்டையும் எடுத்துக்கொண்டு போகச் சொன்னான்.

சின்னக் குளிசையில் அட்டைக்கு இருபத்தொன்று வெள்ளை, ஏழு வெறும் இரும்புச்சத்து மண்ணிறம். வெள்ளை முடிந்த பிறகுதான் மண்ணிறம். அட்டையில் அந்த வரிசை இருந்தது. போத்தலில் ஏது வரிசை? றஞ்சிதம் கைக்கு வந்ததைக் குடித்தாள்.

மூன்று மாதம் போயிற்று. ஒருநாள் அவள் அடுப்படியில் நின்றபடியே சொன்னாள்.

"இஞ்சேருங்கோ, எனக்கு ரெண்டு மாசமா நிண்டுபோச்சு."

சீவரத்தினத்துக்கு எந்தச் செய்திக்கும் ஒரு பகிடி கைவசம் இருக்கும். அன்றைக்கு இருக்கவில்லை. ஏற்கனவே இரண்டு பிள்ளைகள், இவள் உடம்பு இன்னும் தேறவில்லை, இந்த மருந்தெல்லாம் குடித்துக்கொண்டிருக்கையில் வயிற்றில் ஒன்று. அது முழுசாக வந்து பிறக்குமா?

இதை யாரிடமாவது கேட்க வேண்டும். ஆனால் கசம் என்ற சொல்லை வாயில் எடுக்கக்கூடாது. எடுத்தால் நாளைக்குக் கிணற்றடியில் வாளி தரமாட்டார்கள். ஊருக்கு அவர் சொல்லி வைத்திருந்தது "நெஞ்சுச் சளி."

பக்கத்து வயற்காரர் ஏரம்பரிடம் போனார். "அண்ணை, என்ரை சிநேகிதன் ஒருத்தன்ரை மனிசி..." என்று தொடங்கினார்.

"எந்தச் சிநேகிதன்?"

"உங்களுக்குத் தெரியாது. தலைமன்னார் ஆள்."

ஏரம்பர் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "பிள்ளைத்தாச்சி எண்டால் ஒரு குளிசையும் தொடப்படாது. எல்லாத்தையும் நிப்பாட்டச் சொல்லு உன்ரை தலைமன்னாரானுக்கு."

ஏரம்பர் வாழ்நாளில் மருந்து கொடுத்தது மாட்டுக்கு மட்டும்தான். இருந்தும் சீவரத்தினம் வீட்டுக்கு வந்து போத்தலை முகட்டு வளையில் செருகினார். மூன்று நாள் றஞ்சிதம் குளிசை ஒன்றும் குடிக்கவில்லை. மூன்றாம் நாள் அவளுக்கு இருமல் கூடியதோ, இவருக்குத்தான் காது கூடியதோ, அந்தச் சத்தத்தில் அவரால் சோறு விழுங்க முடியவில்லை. போத்தலை மடியில் கட்டிக்கொண்டு மருத்துவிச்சி வீட்டுக்குச் சைக்கிளை மிதித்தார்.

அந்தோனியம்மா முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"மிஸி, என்ரை சிநேகிதன் ஒருத்தன்ரை மனிசி..."

"றஞ்சிதத்துக்கு என்ன?"

சிநேகிதன் அந்த இடத்திலேயே செத்துப்போனான். சீவரத்தினம் போத்தலை எடுத்து நீட்டினார். குளிசைகளை ஒன்றாகக் கொட்டிய கதையையும், நின்றுபோன இரண்டு மாதத்தையும் சொன்னார். கசத்தை மட்டும் விழுங்கிக்கொண்டார். அந்தோனியம்மா போத்தலை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தார்.

"இந்தச் சிவப்பு?"

"அது... சத்துக் குளிசை."

"அவவுக்குச் சலம் சிவப்பாப் போறதோ?"

கசக் குளிசை மூத்திரத்தைச் சிவப்பாக்கும் என்று மிஸிக்குத் தெரிந்திருந்தது. பீற்றூட் சாப்பிட்டதால் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் வீட்டிலிருந்து புறப்படும்போது கேட்ட இருமல் இன்னும் காதுக்குள் இருந்தது.

"ஓம் மிஸி. கசம். அஞ்சாம் மாசம் மருந்து நடக்குது. மூண்டு நாளா நான்தான் நிப்பாட்டி வைச்சிருக்கிறன்."

அந்தோனியம்மா கையிலிருந்த சட்டையைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பினார்.

"துண்டு எழுதேக்கை உங்களைக் கேட்டனான், வேறை மருந்து ஏதும் எடுக்கிறாவோ எண்டு. என்ன சொன்னனீங்கள்?"

அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. 'என்னைக் கட்டினதுக்குப் பிறகு பொறுமை ஒண்டுதான் எடுக்கிறா மிஸி' என்றிருந்தார். தன் பகிடிக்குத் தானே சிரித்துக்கொண்டு வந்ததும் ஞாபகம் இருந்தது.

"போத்தலிலை கொட்டினது பிழைதான். ஆனால் அட்டையிலையே இருந்திருந்தாலும் நம்பேலாது தம்பி. சிவப்புக் குளிசை குடிக்கிற ஆளுக்குச் சின்னக் குளிசை சரியா வேலை செய்யாது. அண்டைக்குச் சொல்லியிருந்தால் உங்களுக்கு ஆணுறை தந்துவிட்டிருப்பன்."

சீவரத்தினம் போத்தலைப் பார்த்தார். இத்தனை நாளும் போத்தலைத் திட்டிக்கொண்டிருந்தார். பாவம், அது வெறும் கண்ணாடி.

"அதெல்லாம் என்ரை பிழை மிஸி. பிள்ளைக்கு என்ன நடக்கும்? அதை மட்டும் எனக்கு நேராச் சொல்லுங்கோ."

"நேராச் சொல்லுறன், கேளுங்கோ. இந்தச் சிவப்புக் குளிசையோடை வயித்திலை இருந்த பிள்ளையள் எத்தனையோ என்ரை கையிலை சுகமாப் பிறந்திருக்குதுகள். மருந்தில்லை, நிப்பாட்டின கசம்தான் தாயையும் பிள்ளையையும் தின்னும். இண்டைக்கே திரும்பத் தொடங்கச் சொல்லுங்கோ. சின்னக் குளிசையை இனி விடட்டும், தெரியாமல் குடிச்சதுக்குப் பயப்படத் தேவையில்லை. நாளைக்கு அவவையும் கூட்டிக்கொண்டு மன்னாருக்குப் போங்கோ. மூண்டு நாள் விட்டது, பிள்ளை தங்கியிருக்கிறது, ரெண்டையும் டொக்டரிட்டைச் சொல்லுங்கோ. கசத்துக்கு ஊசி போட வெளிக்கிட்டால், அது பிள்ளையின்ரை காதுக்குக் கூடாதாமே எண்டு கேளுங்கோ. அவர் வேறை என்ன மருந்து எண்டு கேட்டால், உள்ளதைச் சொல்லுங்கோ தம்பி. பகிடி விடாமல்."