மூடி வேண்டாத பெட்டி

எல்விரா அட்டைக்கட்டின் முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"சீக்கிரம்மா! உங்கப்பன் சாவுல இப்படி ஒரு அமைதியா? சக்காபா ஊரே சிரிக்கும்," என்றார் பக்கத்து சலூன்காரர் தொரிபியோ.

"சிரிச்சாத்தான் நல்லதே மாமா!"

பைன் இலை பரப்பிய கூடத்தில், திறந்த சவப்பெட்டிக்குள் அப்பா பிதென்சியோ படுத்திருந்தார். ஊரில் எந்தச் சாவானாலும் ஜோக் சொல்ல அவரைத்தான் கூப்பிடுவார்கள். இன்று அவர் சாவிலேயே சிரிப்பில்லை. அம்மா ஹொர்த்தென்சியா காலையிலிருந்து வாயே திறக்கவில்லை. எல்விராவுக்கு அதுதான் பயம்.

அப்பாவின் ஜோக்குகள் பிஸ்கட் டப்பாக்களில் இருந்தன. ஜோக்குக்கு ஓர் அட்டை. மாற்றிச் சொன்னால் புது அட்டை எழுதி, பழையதன் மேல் வைத்து நூலால் கட்டுவார். எதையும் கிழிக்க மாட்டார். அட்டையின் அடியில் இரண்டு குறிப்பு: எந்த வீடு, யார் சிரிக்கவில்லை.

"கம்ப்யூட்டர்ல போட்டுடலாம்பா. கடைசியா திருத்தினது மட்டும் போதும்," என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"பழசு தப்புன்னு யாருடி சொன்னா? அதைக் கேக்கறவங்க இன்னிக்கு வரலை, அவ்வளவுதான்."

கணினி வேலை பார்க்கும் எல்விரா, பழக்கதோஷத்தில் மேல் அட்டையையே எடுத்து வாசித்தாள்.

"சவப்பெட்டி வாங்கப் போன ஒருத்தி, மூடி வேண்டாம், விலையைக் குறைங்கன்னாளாம். ஏம்மான்னு கேட்டான் கடைக்காரன். 'எம் புருஷன் ஒருநாளும் கதவை மூடினதில்ல'ன்னாளாம்."

யாரோ இருமினார்கள்.

"இது பாதிரியாருக்காகக் கழுவித் துடைச்சது," என்று முனகினார் தொரிபியோ. "அடியில பாரும்மா."

எல்விரா அடி அட்டையை உருவுவதற்குள் மூலையிலிருந்து குரல் வந்தது.

"கதவில்லடி. வாய்!"

அம்மா எழுந்து பெட்டியை நோக்கிக் கையை நீட்டினாள். "'எம் புருஷன் ஒருநாளும் வாயை மூடினதில்ல. மூடி போட்டா மட்டும் அடங்குவாரா?' என்னை எதிர்ல வச்சுக்கிட்டே ஊர் ஊரா சொன்ன மனுஷன்!"

கூடம் சிரிப்பில் அதிர்ந்தது. தொரிபியோவின் காபி சட்டையில் கொட்டியது.

"எங்கிட்ட 'கடையை மூடினதில்ல'ன்னுல்ல சொன்னாரு?"

"கடனை அடைக்க நீ ராவும் பகலும் கடையை மூடாம கெடந்தியே, அதுக்கு அப்படிச் சொல்லியிருப்பாரு, போய்யா!"

அம்மா கறுப்புச் சால்வையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

எல்விரா புது அட்டை ஒன்றை எடுத்து அம்மா சொன்னபடியே எழுதினாள். எந்த வீடு: நம் வீடு. யார் சிரிக்கவில்லை:

'அப்பா' என்று எழுதி, கட்டின் மேல் வைத்து, நூலை இழுத்து முடிச்சுப் போட்டாள்.