குளம்பு குளிரும்வரை

கோட்டையூரில் குதிரைவண்டி ஓட்டும் இஞ்ஞாசிமுத்துவுக்கு ஒரு செட்டியார் வீட்டு ஆச்சியின் குடும்பக் கல்யாணத்தில் இரண்டு கூடை மிச்சச் சோறு கிடைத்தது. அந்தக் கல்யாணத்துக்காக மூன்று நாள் ஓடிய குதிரை ராணியும் கல்யாணச் சாப்பாடு சாப்பிடட்டுமென்று அவ்வளவையும் அதன் முன்னால் கொட்டினார்.

இரண்டாம் நாள் காலை ராணி அசையவில்லை. முன்னங்கால்களை நீட்டி, பின்னால் சாய்ந்து நடுங்கியது. குளம்பு அடுப்புக்கல்லாகச் சுட்டது.

லாடம் அடிக்கும் மருது வந்து பார்த்தான். "வாதம்ணே. தோள்ல ரெண்டு சூடு இழுத்தா ஓடும்."

இஞ்ஞாசிமுத்து பழுக்கக் காய்ச்சிச் சூடு போடக் கம்பியைத் தேடிப் போனார். அவர் மனைவி பவுலின் குறுக்கே வந்து நின்றாள். "மருதண்ணே, மொதல்ல ஒங்க தோள்ல இழுத்துக் காட்டுங்க. நல்லாருந்தா குதிரைக்குப் பாப்போம்."

மாட்டாஸ்பத்திரி டாக்டரை அவளே போய் அழைத்து வந்தாள்.

"என்ன தின்னுச்சு?"

"கொஞ்சம் சோறு..." என்றார் இஞ்ஞாசிமுத்து.

"ரெண்டு கூடை," என்றாள் பவுலின்.

டாக்டர் ஊசி போட்டார். "குளம்புக்குள்ள சதை வீங்கியிருக்கு. வெளிய ஓடு கெட்டி, வீக்கத்துக்குப் போக எடமில்ல. விட்டா உள்ள எலும்பு எறங்கிரும், அப்புறம் எந்திரிக்காது. காஞ்ச புல்லு மட்டும் போடுங்க. நடக்க விடாதீங்க. மூணு நாளைக்குக் காலு பச்சத்தண்ணியிலயே நிக்கணும்."

ஊரணி பக்கத்தில்தான். ஆனால் அது குடிதண்ணீர், மனிதரே கால் நனைப்பதில்லை. அதுவரை நடக்க ராணியாலும் முடியாது.

பவுலின் மண்வெட்டியை எடுத்தாள். ராணியின் காலடி முன்னாலேயே முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டினாள். உள்ளே இறக்க ஒரு முன்னங்காலைத் தூக்கியதும், மறுகாலில் பாரம் இறங்கிய வலியில் ராணி அவள் தோளைக் கடித்தது. "கடிச்சுக்க," என்று பல்லைக் கடித்தபடி காலைக் குழியில் வைத்தாள். பிறகு மறுகாலை.

ஊற்ற ஊற்ற மண் தண்ணீரைக் குடித்தது. அடிகுழாயில் குடத்தோடு நின்ற பக்கத்து வீட்டு அழகி சிரித்தாள். "என்னடி பவுலினு, வீட்டுக்குள்ள ஊரணி வெட்டுறியாமே?"

"ஆமா. வா, நீயும் ரெண்டு கொடம் ஊத்திட்டுப் போ."

அழகி ஊற்றினாள். மதியத்துக்குமேல் இஞ்ஞாசிமுத்துவும் குடம் எடுத்தார்.

நான்காம் நாள் டாக்டர் குளம்பை அமுக்கினார். ராணி காலை உதறவில்லை. சூடும் தணிந்திருந்தது.

"பொழைச்சுக்கும். வண்டி இழுக்க ஆறு மாசம் ஆகலாம். இழுக்காமலும் போகலாம்."

இஞ்ஞாசிமுத்து அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"அது அப்புறம் டாக்டரய்யா," என்றாள் பவுலின். "இன்னும் எத்தன நாளைக்கு ஊத்தணும், அதச் சொல்லுங்க."